சான்றிதழில் ஒரு பெயர், கல்லறையில் ஒரு பெயர்



யாருடைய நினைவாக இந்தப் பேருரையை நடத்துகிறோமோ, அந்தப் பெரியவருக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. நமது மன்றத்தின் பதிவேட்டிலும் அலுவலகச் சம்பளப் பட்டியலிலும் இருந்தது ஒன்று. அவருடைய அம்மா கூப்பிட்டதும் கோவிலின் திருமுழுக்குப் பதிவேட்டில் ஏறியதும் இன்னொன்று. அவர் இறந்த அன்று கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி அடிக்கப் போன நம் தோழர்கள், எந்தப் பெயரைப் போடுவது என்று தெரியாமல் அச்சகத்தில் அரைமணி நேரம் நின்றார்கள். கடைசியில் மகன் தொலைபேசியில் சொன்னார்: "வேலையில இருந்த பேரையே போடுங்கண்ணே, பென்ஷன் விஷயம் இருக்கு." கல்லறைச் சிலுவையில் மட்டும் அம்மா கூப்பிட்ட பெயர். இந்த உரையில் நாம் இரண்டையுமே சொல்லப் போவதில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும்.

பல மதங்கள் சேர்ந்து வாழும் ஒரு நாட்டில், ஒரு சமூகம் தன் கடவுளுக்கு உண்மையாக இருப்பது என்றால் என்ன? இந்தக் கேள்வியை மேடைகளில் நல்லிணக்கம் பற்றிப் பேசுகிறவர்கள் கேட்பது ஒரு விதம். சேரியில் நின்று நாம் கேட்பது வேறு விதம். நம்மைப் பற்றி இரண்டு பழிச்சொற்கள் நூறாண்டுகளுக்கு மேலாகச் சுற்றி வருகின்றன. சோற்றுக்காகவும் கோதுமைக்காகவும் மதம் மாறினவர்கள் என்பது ஒன்று. சலுகைக்காக மதத்தை மறைக்கிறவர்கள் என்பது மற்றொன்று. ஆதாயத்துக்காகத்தான் போனோம் என்றால், போனதால் ஆதாயத்தை இழந்த பிறகு ஏன் திரும்பி வரவில்லை? இரண்டு பழியையும் ஒரே வாயால் சொல்கிறவர்கள் இதற்குப் பதில் சொன்னதில்லை. பதிலை நாமே நம் வரலாற்றில் தேடவேண்டியிருக்கிறது.

புதுச்சேரியிலிருந்து தொடங்குவோம். 1745ஆம் ஆண்டு. துய்ப்ளே கவர்னராக இருக்கிறார். அந்த நகரத்தின் அன்றாடத்தை ஆனந்தரங்கப் பிள்ளை நாள்தோறும் எழுதிவைக்கிறார். அவர் கிறித்தவர் அல்லர், சேரிக்கு நண்பரும் அல்லர். அதனாலேயே அவருடைய நாட்குறிப்பின் சாட்சியம் நமக்கு முக்கியம். அங்கே சம்பா கோவில் என்று மக்கள் சொல்லும் தேவாலயத்துக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் பறையர் கிறித்தவர்கள். மறுபக்கம் சாதிக் கிறித்தவர்களும் வெள்ளைக்காரர்களும். அந்த அக்டோபரில் காரைக்கால் தேவாலயத்தில் இதேபோன்ற சுவர் எடுக்கப்பட்ட செய்தி புதுச்சேரிச் சேரிகளுக்கு வந்துசேர்ந்தது. பெரிய பறைச்சேரி, சுடுகாட்டுப் பக்கத்துச் சேரி என்று பல இடங்களிலிருந்தும் மக்கள் ஒன்றாகத் திரண்டு மூத்த பாதிரியாரிடம் போனார்கள்.

அவர்கள் போய்க் கேட்டதைக் கவனியுங்கள். உணவு கேட்கவில்லை, வேலை கேட்கவில்லை. அவர்களுடைய வாதத்தின் சாரம் இதுதான்: நாங்கள் உண்மையிலேயே உங்கள் சீடர்கள் என்றால் எல்லாரையும் ஒன்றாக நடத்தவேண்டும், தம்மை வணங்குகிறவர்களிடையே ஆண்டவர் வேறுபாடு வைக்கவில்லையே, அப்படியிருக்க நீங்கள் ஏன் இதற்குச் சம்மதித்தீர்கள்? பாதிரியார் நியாயம் என்று ஒப்புக்கொண்டார். சுவர் அன்றே இடிக்கப்பட்டது. மாலைப் பூசையில் எல்லாரும் கலந்து உட்கார்ந்தார்கள். அடுத்து நடந்ததை ஊகிக்க முடியும். சாதிக் கிறித்தவர்கள் கொதித்தார்கள். அன்றைய அதிகாரத்தில் பெரிய இடத்திலிருந்த கிறித்தவரான கனகராய முதலியின் உறவினர்கள் வரை பிரச்சினை போனது. கவர்னர் வரை பஞ்சாயத்து நடந்தது.

இந்த நிகழ்ச்சியை வழக்கமாகத் திருச்சபைக்குள் நடந்த ஒரு சாதிச் சண்டை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். நமக்கு அது அப்படித் தெரியவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று சொல்லப்பட்ட மக்கள் 280 ஆண்டுகளுக்கு முன் ஓர் இறையியல் கேள்வியைக் கூட்டமாகக் கேட்டிருக்கிறார்கள். தனித்தனியாக முணுமுணுக்கவில்லை. கோவிலை விட்டு வெளியேறவும் இல்லை. நீங்கள் சொன்ன கடவுளுக்கு நாங்கள் உண்மையாக இருக்கிறோம், நீங்கள் இருக்கிறீர்களா என்பதுதான் அந்தக் கேள்வி. சேரியின் இறைப்பற்று பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் வந்திருக்கிறது. கைகூப்பி நிற்பதைவிட நியாயம் கேட்டு நின்றதே அதிகம்.

அதற்கு ஓராண்டு முன்புதான், 1744இல், ரோமில் போப்பாண்டவர் பதினான்காம் பெனடிக்ட் மலபார் சடங்குகள் பற்றிய ஆணையை வெளியிட்டிருந்தார். அதையொட்டி இயேசு சபையார் கண்ட வழி, பறையர்களுக்கென்று தனிக் குருக்களை ஒதுக்குவது. இதைச் சமரசம் என்று எழுதும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. யாருக்கு யாரோடு சமரசம் என்று அவர்கள் எழுதுவதில்லை. சீர்திருத்தச் சபைகளின் பக்கத்தில், 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று கண்டிப்பாக எழுதியபோது தஞ்சாவூரில் வேளாளக் கிறித்தவர்கள் பெரும் எதிர்ப்புக் காட்டினார்கள். கவிராயர் வேதநாயக சாஸ்திரியார் அந்த எதிர்ப்பின் பெரிய குரல். அவருடைய கீர்த்தனைகளை இன்றும் நம் சபைகளில் பாடுகிறோம். பாட்டை விட்டுவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பாடும்போது இதுவும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

சேரிகள் கூட்டமாக மதம் மாறியதைப் பற்றி ஒரு விளக்கம் சொல்லவேண்டும். ஐரோப்பிய மிஷனரிகள் பலருக்கு இது பிடிபடவே இல்லை. அவர்களுக்கு விசுவாசம் என்பது தனி ஆளின் உள்ளத்துக்கும் கடவுளுக்கும் நடுவே நடப்பது. பஞ்சாபின் சியால்கோட் மாவட்டத்தில் 1873இல் தித்து என்ற தோல் வியாபாரி, சூஹ்ரா சாதிக்காரர், ஞானஸ்நானம் கேட்டு வந்தார். மிஷனரி தயங்கித் தயங்கித்தான் கொடுத்தார். கொடுத்தவுடன் தித்து, நான் ஊருக்குத் திரும்பிப் போகிறேன் என்றார். மிஷனரிக்குத் திகைப்பு. தனியாக ஊருக்குப் போனால் பழையபடி ஆகிவிடுவாரே என்ற பயம். தித்து போனார். சொந்தக்காரர்கள் ஏசினார்கள், ஒதுக்கினார்கள். கொஞ்ச நாளில் மனைவியையும் மகளையும் பக்கத்து வீட்டார் இருவரையும் நடத்தியே கூட்டிக்கொண்டு வந்தார். அடுத்த 40 ஆண்டுகளில் அந்த மாவட்டத்து சூஹ்ரா மக்களில் பெரும்பகுதி கிறித்தவர்கள். தெலுங்கு நாட்டில் 1866இல் ஞானஸ்நானம் பெற்ற எர்ரகுண்ட்ல பெரையா என்ற மாதிகரும் இப்படித்தான் தன் உறவுமுறைக்குள் போனார். பஞ்சம் முடிந்த தறுவாயில் 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் ஓங்கோல் வட்டாரத்தில் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

பஞ்சத்துக்குப் பயந்து வந்தவர்கள் என்று அந்த எண்ணிக்கையைக் காட்டிச் சொல்வார்கள். பெரையா வந்தது பஞ்சத்துக்குப் பத்தாண்டு முன்னால் என்பதைச் சேர்த்துச் சொல்லமாட்டார்கள். சமூகவியல் வகுப்பில் இதைக் 'குழு மதமாற்றம்' என்று கற்றுக்கொடுத்தார்கள், ஏதோ தனி மனித மதமாற்றத்தின் தரம் குறைந்த வடிவம் போல. சேரியில் கல்யாணம், சாவு, கடன், சண்டை எதுவுமே தனி ஆளுக்கு நடப்பதில்லை. கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு மட்டும் எப்படித் தனி ஆளுடையதாக இருக்கும்?

இந்த இடத்தில் பண்டிதர் அயோத்திதாசரைக் கொண்டுவராமல் முடியாது. 1898இல் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். கோலார் தங்கவயல், பெங்களூர், ரங்கூன், டர்பன் என்று கூலிக்காகப் போன நம் மக்கள் இருந்த இடங்களிலெல்லாம் கிளைகள் எழுந்தன. 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழ் வாராவாரம் இந்தக் கருத்தைக் கொண்டுபோனது. அவருடைய வாதத்தின் மையம்: நாம் தாழ்ந்ததால் ஒதுக்கப்பட்டவர்கள் அல்லர். பௌத்த தன்மத்தை விடமாட்டோம் என்று நின்றதால் தாழ்த்தப்பட்டவர்கள். அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட தீண்டத்தகாதோர் பற்றிய நூலில் வேறு வழியில் நடந்து ஏறக்குறைய இதே இடத்துக்கு வருகிறார். சிதறிய மக்கள் பௌத்தத்தைக் கைவிட்டு பார்ப்பனியத்துக்குத் திரும்ப மறுத்தார்கள், தீண்டாமை அதற்கான தண்டனை என்கிறார்.

இந்த வரலாற்றுக் கூற்றுக்கு எவ்வளவு சான்று உண்டு என்று ஆய்வாளர்கள் விவாதிக்கட்டும். இருவரும் கேள்வியையே புரட்டிப் போட்டார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம். தீண்டாமைக்குக் காரணம் பாவமும் அல்ல, தொழிலும் அல்ல. உண்மையாக இருந்ததற்குக் கொடுத்த விலை. புத்தரைக் கடவுள் என்று சொல்லாதவர்களுக்கும் இந்த இடத்தில் 'விசுவாசம்' என்ற சொல் பொருந்தும் என்று நாம் நினைக்கிறோம்.

அந்த விலைப்பட்டியலைச் சுதந்திர இந்தியா கிழித்துப்போட்டிருக்க வேண்டும். புதிய பக்கம் ஒன்றைத்தான் சேர்த்தது.

1936இல் வெள்ளை அரசு போட்ட பட்டியல் சாதி ஆணையிலேயே இந்தியக் கிறித்தவர் யாரும் பட்டியல் சாதியாகக் கருதப்படமாட்டார் என்று இருந்தது. 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம் 25ஆம் பிரிவில் மனச்சான்றுச் சுதந்திரத்தையும், விரும்பும் மதத்தை ஏற்று, ஒழுகி, பரப்பும் உரிமையையும் கொடுத்தது. ஏழு மாதம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தை ஏற்றுள்ள எவரும் பட்டியல் சாதியினர் ஆகார் என்றது. பஞ்சாபின் நான்கு சீக்கியச் சாதிகளுக்கு மட்டும் அப்போதே விலக்கு. 1956இல் சீக்கிய தலித்துகள் எல்லாருக்கும் கதவு திறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கரோடு பௌத்தம் தழுவிய லட்சக்கணக்கானோர் மத்தியப் பட்டியலுக்குள் வர 1990 வரை காத்திருந்தார்கள். 34 ஆண்டுகள். கிறித்தவ தலித்துக்கும் இஸ்லாமிய தலித்துக்கும் கதவு இன்னும் மூடித்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடக் கிறித்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். தனித்தொகுதியில் நிற்க முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. அவரை அடிக்கிறவன் மட்டும் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டுவிட்டு அடிப்பதில்லை.

சூசை என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளியின் வழக்கு உங்களுக்கு நினைவிருக்கும். சென்னையில் சாலையோரம் உட்கார்ந்து தொழில் செய்தவர். அப்படித் தொழில் செய்கிறவர்களுக்கு அரசு 1982இல் இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதே ஊசியால் அதே செருப்பைத் தைத்தவருக்குக் கிடைத்தது. சூசைக்குக் கிடைக்கவில்லை, கிறித்தவர் என்பதால். உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, அதன் கொடுமைகள் புதிய மதச் சூழலிலும் அதே அளவு கடுமையோடு தொடர்கின்றன என்று காட்டவேண்டும், அதற்கான சான்றுகள் எங்கள் முன் இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதே பத்தாண்டில் இன்னொரு வழக்கில் இதே நீதிமன்றம் வேறொன்றையும் சொல்லியிருக்கிறது. மதம் மாறியவரின் சாதி கிரகணம் பிடித்ததுபோல் மறைந்திருக்கும், அவர் இந்து மதத்துக்குத் திரும்பினால் கிரகணம் விலகிச் சாதி மீண்டும் தெரியும் என்று. நம் ஊர்க் கிழவிகளிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கிரகணம் சில மணி நேரத்தில் விடும். தெருக்கோடிக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போகும்போது எந்தக் கிரகணமும் நம் சாதியை மறைத்ததில்லை.

சான்று இல்லை என்றார்கள். 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் நடந்தது சான்று இல்லையா? வன்னியக் கிறித்தவர்களும் தலித் கிறித்தவர்களும் ஒரே பங்கு. இறந்தவர்களைக் கொண்டுபோக ஒரே தெரு இல்லை. தலித்துகள் சகாய மாதா சிற்றாலயத்தைத் தனிப் பங்காக்கக் கேட்டார்கள். தாக்குதல், தீவைப்பு, துப்பாக்கிச்சூடு என்று முடிந்தது. இறந்த இருவரும் வன்னியக் கிறித்தவர்கள். அந்தச் சாவுகளை நாம் சுலபமாகக் கடந்துபோகக் கூடாது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையின் நடுவே நிற்கும் சுவர் சான்று இல்லையா? அந்தச் சுவரின் இரண்டு பக்கமும் படுத்திருக்கிறவர்கள் உயிர்த்தெழுதலை நம்பிச் செத்தவர்கள். எந்தப் பக்கமாக எழுந்திருப்பது என்ற குழப்பம் அவர்களுக்கு வேண்டாம் என்று திருச்சபை நினைத்திருக்கும் போலும்.

1745இல் அந்தக் கேள்வி எழுந்த அதே புதுச்சேரியிலிருந்து 2024இல் ஒரு வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அரசுப் பணிக்குத் தேர்வெழுதிய ஒரு பெண், பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர். தான் இந்துவே என்றார். அவர் கோவிலுக்குத் தொடர்ந்து போகிறார், கிறித்தவத்தைக் கடைப்பிடிக்கிறார் என்று விசாரணை அறிக்கை சொன்னது. நவம்பர் 26, அரசமைப்புச் சட்ட நாள் அன்று தீர்ப்பு வந்தது. உண்மையான நம்பிக்கையில்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதத்தைக் கோருவது அரசமைப்புச் சட்டத்தின் மீதான மோசடி என்றது நீதிமன்றம்.

மோசடி என்ற சொல்லை வைத்துக்கொண்டு நாம் பல நாள் பேசியிருக்கிறோம். நம் பெரியவரும் அந்த வகையில் மோசடிக்காரர்தான். 35 ஆண்டுகள் வேலைபார்த்த அலுவலகத்தில் கிறிஸ்துமஸுக்கு விடுப்பு எடுத்ததில்லை. வீட்டில் மேசைக்கு மேலே படம் மாட்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்குப் பத்து மைல் தள்ளி, தெரிந்தவர் இல்லாத பங்குக்குப் போவார். அவரை நாம் ஒருமுறை கேட்டோம்: மறைத்து வாழ்வது உறுத்தவில்லையா? கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆண்டவருக்கு என் பேரு தெரியும்பா. தாசில்தாருக்குத்தான் தெரியாது" என்றார். அப்போது அதைச் சாமர்த்தியமான பதில் என்று எடுத்துக்கொண்டோம். அவர் அழுதுகொண்டிருந்தார் என்பது பிறகுதான் உறைத்தது. மறைத்தவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். மறைத்தால்தான் பிள்ளைகளுக்குச் சோறு என்று சட்டம் எழுதியவர்கள் மீது வழக்கு இல்லை.

இதில் நம் பக்கத்துத் தவறுகளையும் பேசியாகவேண்டும். இந்துவாகப் பதிவாகியிருக்கும் நம் சகோதரர்கள், கிறித்தவ தலித்துகளையும் சேர்த்தால் இருக்கும் கொஞ்ச ஒதுக்கீட்டையும் பங்குபோட வேண்டிவருமே, மிஷன் பள்ளியில் படித்தவர்கள் முந்திக்கொள்வார்களே என்று கேட்கிறார்கள். இதைச் சாதிப்புத்தி என்று ஒதுக்கிவிட முடியாது. பட்டியலில் ஆட்கள் கூடினால் விகிதமும் கூடவேண்டும் என்ற கோரிக்கையைக் கிறித்தவத் தலைவர்கள் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதோடு, பேராயர்களுக்கு டெல்லியில் ஆகஸ்ட் 10 கருப்பு நாள் ஊர்வலம் போக முடிகிறது, தங்கள் மறைமாவட்டத்தின் கல்லறைச் சுவரை எடுக்க முடியவில்லை.

இன்னொன்று, சொல்லக் கசப்பானது. நம் தெருக்களில் ஒலிபெருக்கி வைத்து ஜெபிக்கும் சில ஊழியக்காரர்கள், பாட்டன் கும்பிட்ட மாரியையும் காட்டேரியையும் பிசாசு என்கிறார்கள். அந்தப் பாட்டன் கும்பிட்ட சாமி அவனை ஊர்க்கோவிலுக்குள் விடாத சாமி அல்ல, அவனோடு சேரியில் குடியிருந்த சாமி. ஒரே வீட்டில் அண்ணன் அந்தோணியார் கோவிலுக்கும், தம்பி பெண்டாட்டி ஆடிக்கூழுக்கும், படித்த பையன் புத்த பூர்ணிமைக்கும் போவதை நாம் எல்லாச் சேரிகளிலும் பார்க்கிறோம். 1981இல் மீனாட்சிபுரத்தில் சுமார் 180 குடும்பங்கள் இஸ்லாம் தழுவியபோது நாடே பதறியது. மதம் மாறாத உறவினர்கள் அந்த ஊரிலேயே அவர்களோடு சேர்ந்து வாழ்ந்தார்கள், பதறவில்லை. பல மதங்களின் நாடு என்று பாடப்புத்தகம் சொல்வதை அவர்கள் ஒரே தெருவில் நடத்திக்கொண்டிருந்தார்கள். தன் கடவுளுக்கு உண்மையாக இருக்கப் பக்கத்து வீட்டுக் கடவுளைத் திட்டவேண்டும் என்று அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அறிக்கை கொடுத்தது. மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்னது. 2004இல் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றத்தில் கிடக்கும்போதே, 2022 அக்டோபரில் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் போட்டார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பியது. ஆணையங்கள் கேட்பது 1985இல் சூசையிடம் கேட்ட அதே பொருளைத்தான். சான்று.

சான்று நம்மிடம்தான் இருக்கிறது. பழைய திருமுழுக்குப் பதிவேடுகள் சிலவற்றில் பெயருக்குப் பக்கத்தில் சாதியும் எழுதப்பட்டிருக்கிறது. கல்லறைகளுக்கு வழி எது, தேர் எந்தத் தெருவரை வரும், பாடகர் குழுவில் யார் சேரலாம் என்று பங்குப்பேரவை எழுதிய முடிவுகள் இருக்கின்றன. பாட்டிகளின் வாய்மொழி இருக்கிறது, அதுவும் குறைந்துகொண்டே வருகிறது. இவற்றைப் படியெடுக்கும் வேலையை நம் மன்றம் இந்த ஆண்டு எடுத்துக்கொண்டிருக்கிறது. முதலில் பெரியவரின் சொந்தப் பங்கு. பங்குத்தந்தை அனுமதி கொடுத்துவிட்டார். அலமாரியின் கீழ்த்தட்டில் இருப்பவற்றைக் கரையான் ஓரம் அரித்திருக்கிறது, கையால் புரட்டக் கூடாது, கைபேசியில் படமெடுக்க நல்ல வெளிச்சம் வேண்டும். வரும் சனிக்கிழமை காலை 9 மணிக்கே வந்துவிடுங்கள். பத்தரைக்கு மேல் அந்த அறையில் வெயில் விழாது.

ஜெய்பீம்.